மூலையில் ஒரு பறவை

நாற்பத்திரண்டு வயதாகியும் வீட்டில் அவளுக்குப் பெயர் பாப்பா. அச்சகத்திலும் பாப்பாதான், ஏனென்றால் அச்சகம் அண்ணனுடையது. நோட்டு அட்டை, கடித உறை, பரிசு சுற்றும் காகிதம் என்று அங்கே அச்சாகிற அத்தனை பூவும் கொடியும் பதினொரு வருஷமாக அவள் கை வரைந்தவை. அட்டையின் உள்பக்கத்தில் பொடி எழுத்தில் 'வடிவமைப்பு' என்று போட்டு, பக்கத்தில் அண்ணியின் பெயர் இருக்கும். அண்ணிக்கு ஒரு கோடு நேராகக் கிழிக்க வராது. ஆனால் நன்றாகப் பேசுவாள், நன்றாக உடுத்துவாள், கண்காட்சிகளில் கால் வலிக்காமல் நின்று சிரிப்பாள். அதுவும் ஒரு வேலைதான், இல்லையென்று யார் சொன்னது?

"பேரு எதுவா இருந்தா என்ன பாப்பா, எல்லாம் நம்ம குடும்பம்தானே" என்பான் அண்ணன். புருஷன் விட்டுப்போனபோது மாடி அறையைத் திறந்துகொடுத்தவன் அவன். அந்த அறையில் உட்கார்ந்துகொண்டு அவனோடு மல்லுக்கு நிற்க அவளுக்கு நாக்கு எழவில்லை.

இந்த வருஷம் எழுந்தது. பதினெட்டுக் கடைக்காரம்மா வரப்போகிறாள் என்று அச்சகமே அல்லோலகல்லோலப்பட்டது. பதினெட்டு ஊரில் பதினெட்டு எழுதுபொருள் கடை வைத்திருப்பவள். அவளுக்குப் பிடித்துவிட்டால் மூன்று வருஷத்துக்கு இயந்திரம் நிற்காது.

"இந்தத் தடவை என் பேரைப் போடணும்ண்ணா" என்றாள் பாப்பா, சுவரைப் பார்த்துக்கொண்டு.

அண்ணன் கொஞ்சம் யோசித்தான். "ஆர்டர் கெடைக்கட்டும். உன் பேரேதான். போதுமா?"

போதும், போதும். மூன்று மாதம் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு வரைந்தாள். இந்த வேலையில் வரைவது ஒரே ஒரு கட்டம்தான். அந்தக் கட்டத்தை அடுத்தடுத்து வைத்துத்தான் தாள் முழுவதும் நிரப்புவார்கள். வலது ஓரத்தில் பாதியில் வெட்டுப்பட்ட பூவின் மறுபாதி இடது ஓரத்தில் பிசகாமல் வந்து சேர வேண்டும். சேருகிற இடம் யார் கண்ணுக்கும் படக்கூடாது. பாப்பா அந்தக் கட்டத்தின் பன்னிரண்டு பிரதிகளைத் தரையில் ஒட்டிப் பரப்பி, முக்காலி மேல் ஏறி நின்று, கண்ணைப் பாதி மூடிக்கொண்டு பார்ப்பாள். ஏதாவது ஒன்று துருத்திக்கொண்டு தெரிந்தால் அது பன்னிரண்டு இடத்திலும் தெரியும், கோடு போட்டதுபோல் வரிசையாக நிற்கும். அதைக் கொடியோடு கரைத்துவிட்டு மறுபடி ஏறுவாள். முப்பது தடவைக்கு மேல் ஏறி இறங்கியபின், முல்லைக்கொடி தாளெங்கும் தன்னிஷ்டத்துக்குப் படர்ந்தது. நாமா வரைந்தோம் என்று அவளுக்கே பெருமையாக இருந்தது.

கடைக்காரம்மாவின் கார் வாசலில் நின்றபோதுதான் ஆளுயரத் தாளைச் சுவரில் மாட்டினார்கள். பாப்பா கிட்டே போய்ப் பார்த்தாள். ஒவ்வொரு கட்டத்தின் மூலையிலும் அவள் வரையாத ஒரு நீலப் பறவை உட்கார்ந்திருந்தது.

அண்ணி அவள் காதில் கிசுகிசுத்தாள். "நேத்து சாயங்காலம் நான்தான் கம்ப்யூட்டர்ல போட்டேன். அந்தம்மா ஏதாவது கேட்டா சொல்றதுக்கு நானும் ஒரு கை வெச்சிருக்கணும்ல? அழகா இல்ல?"

அதற்குள் கடைக்காரம்மா உள்ளே வந்துவிட்டாள். தாளுக்கு முன்னால் நின்று வெகுநேரம் பார்த்தாள்.

"கொடி பிரமாதம். எங்க ஒட்டுதுன்னே கண்டுபிடிக்க முடியலை. ஆனா இந்தப் பறவை என்ன, ரேஷன் கடை க்யூ மாதிரி நிக்குது? கட்டம் கட்டமா காட்டிக் கொடுக்குதே! யாரு போட்டது இதை?"

அண்ணியின் முகத்தில் ஈயாடவில்லை. அதுவும் ஒரு நொடிதான். பிறகு பழைய சிரிப்பு வந்துவிட்டது. "நம்ம பாப்பாதாங்க. எங்க வீட்டுக்காரரோட தங்கச்சி. ஆசையா கேட்டா, சரி ஒண்ணு போட்டுப் பாருன்னு விட்டேன்."

பாப்பா அண்ணனைப் பார்த்தாள். அவன் அணைந்துகிடந்த போனை மும்முரமாகத் துடைத்துக்கொண்டிருந்தான். உண்மையை உடைத்தால் அண்ணியின் பதினொரு வருஷக் குட்டும் வெளிப்படும், ஆர்டர் போகும், ஆர்டரோடு தன் பெயரும் போகும் என்று பாப்பாவுக்குப் பட்டது. பழி வந்தால் வரட்டும், பெயர் கிடைக்கட்டும் என்று நினைத்தாள். பாவி, அப்படித்தான் நினைத்தாள்.

"ஆமாங்க, நான்தான் போட்டேன்."

"உன் பேரென்னம்மா?"

வெளியாள் ஒருத்தர் அவளிடம் அதைக் கேட்டு எத்தனையோ காலமாகிவிட்டது. முழுப்பெயரைச் சொன்னாள். கடைக்காரம்மா அதைத் திருப்பிச் சொல்லிப் பார்த்து மனதில் வாங்கிக்கொண்டாள்.

"தப்பில்லைம்மா. அண்ணிகிட்ட கூட இருந்து கத்துக்கோ. எல்லாருக்கும் இப்படி ஒருத்தர் கெடைக்க மாட்டாங்க."

அண்ணி அவள் முதுகைத் தட்டிக்கொடுத்தாள். பறவையை எடுக்கப் பாப்பாவுக்குப் பத்து நிமிஷம் பிடித்தது. புதுத் தாளைப் பார்த்ததும் கடைக்காரம்மா அங்கேயே கையெழுத்துப் போட்டாள்.

மத்தியானம் அண்ணன் அட்டையின் உள்பக்கத்தை அச்சுக்கு முன் சரிபார்க்கக் கொண்டுவந்தான். அதில் அண்ணியின் பெயர் இருந்தது. 

"என் பேரு போடறேன்னு சொன்னியேண்ணா."

"போடத்தான் நெனச்சேன், சத்தியமா. இப்ப எப்படி போடறது? பறவையைப் போட்டுக் கெடுத்தவள்னுல்ல அந்தம்மாவுக்கு உன் பேரு ஞாபகம் இருக்கு. பார்த்தா ஆர்டரையே வேணாம்னு சொல்லிருவாங்களே."

"அதை நான் போடலைன்னு உனக்குத் தெரியாதா?"

"எனக்குத் தெரிஞ்சு என்ன பண்றது பாப்பா? நீயே வாயைத் திறந்து ஒத்துக்கிட்டியே" என்றான் அண்ணன், உண்மையாகவே வருத்தப்பட்டு.