பெருநாளும் கவைத்தடியும்

என் மனுசன் சந்தியோகுவுக்கு வலது முழங்கால் தேய்ந்துவிட்டது. தலைமன்னாரில் எல்லாருக்கும் தெரிந்த விசயம். தெரியாதமாதிரி நடிக்கிற ஒரே ஆள் அவர்தான். படகிலிருந்து இறங்கும்போது மீன்பெட்டியைப் பிடித்துக்கொண்டு இறங்குவார். கேட்டால், பெட்டி பாரமா என்று பார்த்தாராம்.

ஆஸ்பத்திரியில் படம் பிடித்துப் பார்த்த டொக்டர், இது மூட்டுத் தேய்மானம், முற்றாக மாறாது, ஆனால் சமாளிக்கலாம் என்றார். இவர் 'தேய்மானம்' என்ற சொல்லை மட்டும் வீட்டுக்குக் கொண்டுவந்தார். காலமெல்லாம் படகு எஞ்சினோடு மாரடித்த மனுசன் அல்லவா, ஓடினால்தானே எஞ்சின் தேயும் என்று கணக்குப் போட்டார். கட்டிலில் ஏறிப் படுத்தவர்தான். சாப்பாடு, தேத்தண்ணி எல்லாம் கட்டிலுக்கே போக வேண்டும். கோயில் பெருநாளுக்காகக் காலைச் சேமிக்கிறாராம்!

பெருநாளன்று அந்தோனியார் சிலையை, நாங்கள் சொல்வது சுருவம், தூக்குமரங்கள் பூட்டிய கூட்டில் வைத்து ஊரைச் சுற்றிக் கொண்டுபோவோம். கூட்டின் முன்மரத்தை வலப்பக்கத்தில் தோளில் தாங்குவது இவருடைய இடம். அதற்கு முன் இவருடைய அப்பு பிடித்த இடம். போன வருசம் பாதி வழியில் இவருடைய கால் மடிந்து கூடு ஒருக்காச் சரிந்தது. பின்னால் வந்த பெண்களோடு நானும் கத்திவிட்டேன். இவர் கல் தடுக்கியது என்றார். அந்த மணல் ரோட்டில் கல்லுக்கு எங்கே போவது? இந்த முறை பிடித்தால் சுருவம் விழுந்துவிடும் என்ற பயம் எனக்கு. பிடிக்க விடாவிட்டால் மனுசன் கோயில் பக்கமே போகமாட்டார் என்பது அதைவிடப் பெரிய பயம்.

சேமித்த கால் ஒருநாள் காலையில் எழும்பவே மறுத்தது. அலுமாரியைப் பிடித்துக்கொண்டு நின்றவரை ஓட்டோவில் ஏற்றி மறுபடியும் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனேன். அங்கே பயிற்சி சொல்லிக் கொடுக்கிற கிருஷாந்தினி என்ற பிள்ளை காலைத் தொட்டுப் பார்த்து, இவருடைய எஞ்சின் கணக்கையும் கேட்டுவிட்டுச் சொன்னாள்:

"ஐயா, இது எஞ்சின் இல்லை. தொடைச் சதைதான் முழங்காலைத் தாங்கிறது. நீங்கள் படுத்துப் படுத்து அதைக் கரைச்சுப் போட்டீங்கள்."

கதிரையில் இருந்து காலை நீட்டி, கொஞ்ச நேரம் பிடித்து, மெல்ல இறக்கவேண்டும். நாளாந்தம் அளவாக நடக்கவேண்டும். நோவுக்கான குளிசையை டொக்டர் சொன்னபடிதான் போடவேண்டும், அதுவும் சாப்பிட்ட பிறகு. தோளில் பாரம் கூடாது. வலது கால் நோவதால், அவள் தந்த ஊன்றுதடியை இடது கையில் பிடித்து, நோகிற காலோடு சேர்த்து ஊன்றவேண்டும். அவள் இத்தனையும் சொல்லும்போது இவர் மேலே சுற்றிய மின்விசிறியைப் பார்த்துக்கொண்டு இருந்தார். எனக்குப் பத்திக்கொண்டு வந்தது.

பயிற்சியை முணுமுணுத்தபடி செய்தார். வீக்கம் இறங்கியது, இறங்குதுறை வரைக்கும் நடந்துவிட்டு வந்தார். தடியை மட்டும் அலுமாரிக்குப் பின்னால் சொருகிவிட்டார். தடியோடு கண்டால் கூட்டுக்குக் கிட்டவும் விடமாட்டார்களாம். சொல்லிச் சொல்லி என் வாய் நொந்ததுதான் மிச்சம்.

பொறுக்க ஏலாமல் கோயில் மூப்பர் டொமினிக்கிடம் போய் உள்ளதைச் சொன்னேன். அவர் தாடையைத் தடவினார். கூடு ஒவ்வொரு சந்தியிலும் நிற்கும்போது, தூக்குகிறவர்களின் தோள் ஆற, மரங்களுக்குக் கீழே நுனி இரண்டாகப் பிரிந்த கவைத்தடிகளை ஊன்றுவார்கள். முன்பக்கக் கவைத்தடியைப் பிடிப்பவர் கூட்டோடு ஒட்டி நடந்து, எங்கே நிற்பது என்று குரல் கொடுக்கவேண்டும். அன்று பின்னேரமே மூப்பர் வீட்டுக்கு வந்து, அதற்கு அனுபவமுள்ள ஆள் வேணும் என்று இவரைக் கேட்டார்.

"அப்ப முன்மரம் ஆர் பிடிக்கிறது?"

"உங்கட தமையன்ர மகன் றொசாந்தன்."

இவர் அன்று இரவு சாப்பிடவில்லை. மனுசன் நொந்துபோனார் என்று எனக்கு விளங்கியது, பாவமாகவும் இருந்தது. காலையில் பெருநாள் வேட்டியைத் தோய்த்துப் போடச் சொன்னார்.

பெருநாள் வந்தது. கையில் மெழுகுதிரியோடு நான் பெண்களுக்குள் நடந்தேன். முன்னால் கூட்டை ஒட்டி, ஆளுயரக் கவைத்தடியோடு இவர். தடி இடது கையில் இருந்தது. வலது காலும் தடியும் சேர்ந்து மணலில் பட்டன, ஒருக்காலும் பிசகவில்லை. அடப் பாவி மனுசா, விசிறியைப் பார்த்துக்கொண்டு எல்லாவற்றையும் கேட்டிருக்கிறார்! கடற்கரைச் சந்தியில் "நில்லுங்கோ" என்று குரல் கொடுத்துத் தடியை ஊன்றினார். கூடு அசையாமல் நின்றது. எனக்குச் செபம் பாதியில் நின்றுபோனது.

வீட்டுக்கு வந்து காலை வாங்குப் பலகையில் நீட்டினார். சுடுதண்ணீரில் பிழிந்த துணியை முழங்காலில் வைத்தேன்.

"மாக்கிறட், மூப்பரிட்டை நீ போனது எனக்குத் தெரியும்."

நான் துணியை மறுபடியும் சுடுதண்ணீரில் தோய்த்துப் பிழிந்தேன்.

"அந்த ஆஸ்பத்திரித் தடியை எடுத்து வை. நாளைக்குக் கரைக்குப் போகேக்கை கொண்டுபோறன்."

இத்தனை மாதத் தூசி இருக்குமே என்று பழந்துணி ஒன்றோடு அலுமாரிக்குப் பின்னால் கையை விட்டேன். தடியில் தூசி இல்லை. அடியிலிருந்த ரப்பரில் எங்கள் வீட்டு வளவு மணல் ஒட்டியிருந்தது. நான் சந்தைக்கும் கோயிலுக்கும் போன நேரமெல்லாம், ஒருவரும் காணாமல் தனியே நடந்து பழகியிருக்கிறார். அந்த இடத்திலேயே நின்று துணியால் முகத்தைப் பொத்திக்கொண்டு அழுதேன்.