பையோடு நட்ட பலா

அந்தத் தெருவில் 'மூணுவேளை அம்மா வீடு எது?' என்று கேட்டால் யாரும் கை காட்டிவிடுவார்கள். முப்பது வருஷம் ஆஸ்பத்திரி மருந்துக் கவுண்டரில் நின்று, காலையில் ஒன்று, மத்தியானம் ஒன்று, ராத்திரி ஒன்று என்று சொல்லிச் சொல்லி மாத்திரை கொடுத்தவள். ஓய்வு பெற்ற பிறகும் அந்த வாய் ஓயவில்லை. தோட்டத்தில் இருந்த மா, கொய்யா, எலுமிச்சை, பலா எல்லாவற்றுக்கும் அதே மருந்துச் சீட்டுதான். வேளைக்கு ஒரு மக்குத் தண்ணீர், நேரே அடிமரத்தில். மழை கொட்டினாலும் நிறுத்த மாட்டாள்.

"ஏம்மா, வானமே ஊத்துது. நீ வேற ஊத்தினா ஓவர்டோஸ் ஆகாதா?" என்பார் புருஷன். பஸ் ஓட்டி ஓய்ந்தவர். முழங்கால் போய்விட்டது, நக்கல் மட்டும் போகவில்லை.

"கோர்ஸை நடுவுல நிறுத்தக்கூடாது" என்பாள்.

அன்றைக்கும் அப்படித்தான். சாயங்காலம் பெருங்காற்று வரப்போகிறது என்று ரேடியோ காலையிலிருந்து தொண்டை கிழியக் கத்திக்கொண்டிருந்தது. இவள் தூறலுக்குத் தலையில் துண்டைப் போட்டுக்கொண்டு, மத்தியான வேளைக்கு மக்கைத் தூக்கிக்கொண்டு போனாள். பலா மரத்தடியில் ஊற்றினாள். தண்ணீர் தேங்கவில்லை. எங்கேயோ ஓட்டை இருப்பதுபோல சரேலென்று உள்ளே இறங்கிப் போனது.

குனிந்து பார்த்தாள். வீட்டுப் பக்கமாக, மரத்தைச் சுற்றி அரைவட்டமாய் ஒரு வெடிப்பு. ஒரு காற்று அடித்தது. வெடிப்புக்கு உள்பக்கம் இருந்த மண் இரண்டு விரற்கடை மேலே எழுந்தது. காற்று நின்றதும் மெதுவாக உட்கார்ந்தது. தூங்குகிறவன் வயிறு மாதிரி மண் ஏறி இறங்கியது.

சமையலறையிலிருந்து நீளக் கரண்டி ஒன்றை எடுத்து வந்து, காம்பை வெடிப்புக்குள் விட்டுப் பார்த்தாள். பாதிக் காம்பு போனது. அடுத்த காற்றில் முழுக் காம்பும் போய், கரண்டியின் கிண்ணம் மட்டும் வெளியே நின்றது.

மரம் சாய்ந்திருந்தது மதில் பக்கம். மதிலுக்கு அந்தப் பக்கம் தகரக் கூரை. கூரைக்குக் கீழே நாலு தையல் மெஷின் இந்த நிமிஷமும் கடகடவென்று ஓடிக்கொண்டிருந்தது. ஒன்றில் அவள் தங்கச்சி உட்கார்ந்திருந்தாள். மற்ற மூன்றில் மூன்று பெண்கள், மூன்று பேரும் பிள்ளைகுட்டிக்காரிகள்.

தங்கச்சியோடு பேசி மூன்று வருஷம் ஆகிறது.

மரம் ஏன் ஆடுகிறது என்று இந்த உலகத்தில் அவள் ஒருத்திக்குத்தான் தெரியும். ஒன்பது வருஷம் முன்னால் அக்காளும் தங்கச்சியும் சேர்ந்துதான் நாற்றுப்பண்ணைக்குப் போனார்கள். பண்ணைக்காரர் குட்டையான கன்றைக் காட்டினார். தங்கச்சியும், "அக்கா, இதையே எடு. பையும் பெரிசு, தண்டும் கெட்டி" என்றாள். இவள் கேட்டால்தானே! சின்னப் பைக்குள் ஆளுயரத்துக்கு வளர்ந்து நின்ற ஒன்றைப் பிடித்துக்கொண்டு, "இதுதான் சீக்கிரம் காய்க்கும்" என்று நின்றாள். அத்தனை உயரம் வளர்ந்த செடிக்கு அத்தனூண்டு பையில் வேர் எங்கே போயிருக்கும்? உள்ளேயே சுற்றிச் சுற்றித்தான் போயிருக்கும். அது அவளுக்கு அன்றைக்குத் தோன்றவில்லை.

குழி தோண்டியாயிற்று. "உன் கத்தரியைக் குடு, பையைக் கிழிக்கணும்" என்றாள். தங்கச்சி தையல்காரி. இடுப்பில் எப்போதும் கத்தரி இருக்கும். "துணி வெட்டற கத்தரி அக்கா இது. பிளாஸ்டிக்ல பட்டா முனை போயிடும்" என்று மறுத்துவிட்டு, வீட்டுக்குள் அரிவாள்மனை தேடப் போனாள். இவளுக்கு வந்ததே கோபம்! கூடப் பிறந்தவளுக்கு ஒரு கத்தரியைத் தர மனசில்லையா? கொண்டையிலிருந்த ஊசியை உருவி, பையில் நாலு குத்துக் குத்தி, அப்படியே குழியில் இறக்கி மண்ணைத் தள்ளிவிட்டாள். தங்கச்சி திரும்பி வந்தபோது குழி மூடியிருந்தது. "பையைக் கிழிச்சியா?" என்றாள். "ஆச்சு ஆச்சு" என்றாள் அக்கா.

அந்த 'ஆச்சு'தான் இப்போது மண்ணுக்கடியில் ஏறி இறங்கிக்கொண்டிருந்தது. பைக்கு மேலே தப்பித்து வந்த நாலு வேர் மட்டும், மூன்று வேளை மக்குத் தண்ணீரை நம்பி, மேல்மண்ணிலேயே படுத்துக்கொண்டது. ஆழத்தில் தண்ணீர் தேட அதற்கென்ன தலையெழுத்தா?

மூன்று வருஷம் முன்னால் ஒரு காய் விழுந்து தகரம் பிளந்தது. தங்கச்சி மரம் வெட்டுகிறவனைக் கூட்டி வந்தாள். இவள் மரத்தைக் கட்டிப் பிடித்துக்கொண்டு, தெருவே கூடி நிற்க, "என் பிணத்து மேலதான் கோடாலி விழணும்" என்று சத்தியம் செய்தாள். அன்றோடு முடிந்தது, ஒட்டும் இல்லை உறவும் இல்லை.

இப்போது எந்த முகத்தோடு போய்ச் சொல்வது?

"என்னங்க, நீங்க போய்ச் சொல்லுங்க" என்றாள் புருஷனிடம்.

அவர் கரண்டியைப் பார்த்தார். அவர் முகத்தில் நக்கல் இல்லை. "என் காலை வச்சுக்கிட்டு நான் போய்ச் சேர்றதுக்குள்ள மரம் போய்ச் சேர்ந்துடும். போன் போடறேன்" என்றார்.

போனில் தங்கச்சியின் குரல் வெளியே வரைக்கும் கேட்டது. "மாமா, ஓட்டல் திரைச்சீலை அறுபது ஜோடி. அஞ்சு மணிக்கு வண்டி வருது. அன்னிக்கு மரத்தைக் கட்டிப் பிடிச்சவங்க, இன்னிக்குச் சாயுதுன்னு என் வேலையை நிறுத்தச் சொல்றாங்களாக்கும்? இது நல்லா இருக்கே! நீங்க நடுவுல வராதீங்க மாமா." வைத்துவிட்டாள்.

காற்று விசிலடிக்க ஆரம்பித்தது. மணி இரண்டே முக்கால். மூணுவேளை அம்மா செருப்பைக்கூட மாட்டவில்லை. தெருவைச் சுற்றிக்கொண்டு ஓடினாள்.

தையல் கொட்டகை வாசலில் நனைந்துகொண்டு நின்றாள். மூன்று மெஷின் நின்றது. நாலாவது நிற்கவில்லை.

"அம்மா, உங்க அக்கா" என்றாள் பட்டன் தைக்கிறவள்.

"எனக்குக் கண் தெரியும். நீ தை."

அக்கா மற்ற மூன்று பேரையும் பார்த்தாள். இத்தனை பேர் முன்னால் எப்படிச் சொல்வாள்? "கரண்ட் போகப் போகுதாம். இன்னிக்கு நிறுத்திக்கோங்களேன்" என்றாள்.

"இன்வெர்ட்டர் இருக்கு" என்றாள் தங்கச்சி, துணியைத் தள்ளிக்கொண்டே.

"கூரை பழசு. காத்துக்குத் தாங்காது."

"போன மாசம்தான் மாத்தினேன். உங்க மரத்து எலையைத் தினம் கூட்டறவளுக்குத் தெரியாதா என் கூரை எப்படின்னு?"

உங்க மரமாம்! சொந்த அக்காளைப் பார்த்து 'உங்க'! வேறு நாளாக இருந்தால் அங்கேயே ஒரு ரகளை நடந்திருக்கும். தலைக்கு மேலே கிளை தகரத்தை உராய்ந்தது. பட்டன்காரி நிமிர்ந்து பார்த்தாள். அவள் காலடியில், வார் தைக்கக் கொண்டுவந்த மகளின் பள்ளிக்கூடப் பை கிடந்தது. அதைப் பார்த்ததும் மூணுவேளை அம்மாவுக்கு மானம் அவமானம் எல்லாம் போன இடம் தெரியவில்லை.

"தப்பு என்னோடது" என்று கத்தினாள். "நீ சொன்னதுதான் சரி. அந்த மரத்தை அன்னிக்கே வெட்டியிருக்கணும். மண்ணு தூக்குதுடி. கரண்டி முழுசா உள்ள போகுது. எழுந்திரிங்க எல்லாரும்!"

நாலாவது மெஷின் நின்றது.

"ஒன்பது வருஷம் நின்ன மரம் திடீர்னு ஏன் தூக்குது?" தங்கச்சி இப்போதுதான் முகத்தைத் திருப்பினாள்.

"பையோட நட்டுட்டேன்."

"கிழிச்சாச்சுன்னு சொன்னியே!"

"பொய்."

"ஏன்?"

நீ கத்தரி தரல என்ற வார்த்தை நுனிநாக்கு வரைக்கும் வந்தது. ஒன்பது வருஷமாக அதைத்தான் மனசுக்குள் சொல்லி, குற்றத்தை அடுத்த வீட்டுக்குத் தள்ளிக்கொண்டிருந்தாள். அதைச் சொன்னால் இன்னொரு சண்டை ஆரம்பிக்கும். சண்டைக்கு இப்போது நேரமில்லை. அந்த வார்த்தையை அப்படியே விழுங்கினாள்.

"ஆத்திரத்துல" என்றாள்.

தங்கச்சி அவளை ஒரு கணம் பார்த்தாள். பிறகு ஸ்டூலைத் தள்ளிவிட்டு எழுந்தாள். "திரைச்சீலையை மட்டும் தூக்குங்க. மெஷின் கிடக்கட்டும். முன்வாசலுக்குப் போங்க, ஓடுங்க!"

ஆளுக்கு ஒரு மூட்டையாக அள்ளினார்கள். அக்காளும் அள்ளினாள். இரண்டு நடை போய் வந்தாயிற்று. மூன்றாவது நடையில் மதிலுக்கு அந்தப் பக்கத்திலிருந்து பட், பட் என்று சத்தம் கேட்டது. தையல் பிரிகிற சத்தம் போலத்தான் இருந்தது. அது வேர் அறுகிற சத்தம் என்று அவளுக்குப் புரிந்துவிட்டது.

"போதும், யாரும் உள்ள போகாதீங்க!"

எல்லாரும் முன்வாசலில் நின்றார்கள். தங்கச்சி இடுப்பைத் தடவினாள். முகம் மாறியது. "ஐயோ, கத்தரி!" என்றாள். யாரும் பிடிப்பதற்குள் திரும்பி உள்ளே ஓடினாள்.

பாவி, உயிரைவிடக் கத்தரி பெரிசா? அக்காளுக்கு அறுபத்திரண்டு வயசு, இரண்டு காலிலும் செருப்பில்லை. எப்படி ஓடினாள் என்று கேட்டால் இன்றைக்கும் சொல்லத் தெரியாது. வெட்டுகிற மேசைக்கடியில் குனிந்து தேடிக்கொண்டிருந்தவளின் முந்தானையைப் பிடித்து இழுத்தாள். வரவில்லை. பின்னலைப் பிடித்து இழுத்தாள். தங்கச்சி வீலென்று அலறிக்கொண்டு வந்தாள். கையில் கத்தரியும் வந்தது. இருவரும் வாசல்படியில் குப்புற விழுந்தபோது, பின்னால் மதில் வாய் பிளந்தது. தகரம் ஒரு தரம்தான் கத்தியது. எட்டுப் பலாக்காயோடு மரம் நாலு மெஷின் மேலும் வந்து படுத்தது.

பட்டன்காரி அங்கேயே உட்கார்ந்து வாய்விட்டு அழுதாள். மகளின் பள்ளிக்கூடப் பை அவள் மடியில் இருந்தது. மதில் இடிந்த வழியாக அந்தப் பக்கம் தெரிந்தது. முழங்கால் வலியையும் பார்க்காமல் மழையில் நின்றுகொண்டு, "எல்லாரும் இருக்கீங்களா? எல்லாரும் இருக்கீங்களா?" என்று புருஷன் கூப்பிட்டுக்கொண்டிருந்தார்.

"இருக்கோம் மாமா" என்றாள் தங்கச்சி.

பெருங்காற்று ராத்திரி முழுக்க அடித்து, விடிந்ததும் ஓய்ந்தது. அக்காளும் தங்கச்சியும் இடிந்த மதிலருகே போனார்கள். மண்ணோடு பெயர்ந்த வேரடி தட்டு மாதிரி நிமிர்ந்து நின்றது. நடுவில் அந்தப் பை. ஒன்பது வருஷ மண்ணிலும் மக்காத கறுப்புப் பை. மழை அதைக் கழுவி, பளபளவென்று வைத்திருந்தது. ஊசி குத்திய இடங்களில் நூல் தடிமனுக்கு வேர் எட்டிப் பார்த்திருந்தது, அவ்வளவுதான்.

தங்கச்சி அந்த ஊசி ஓட்டைகளை விரலால் தடவினாள். பிறகு, "நான்தானே கத்தரி தரல" என்றாள்.

"அதை விடு."

"நேத்து நீ அதைச் சொல்லியிருக்கலாம். உனக்கு ஞாபகம் இருந்துச்சு. உன் மூஞ்சியிலேயே தெரிஞ்சுது."

தங்கச்சி இடுப்பிலிருந்து கத்தரியை உருவினாள்.

"வேண்டாம்டி, முனை போயிடும்."

"போனாப் போகட்டும். நீ இந்த ஓரத்தை இழுத்துப் பிடி. அப்படியில்ல, துணி பிடிக்கற மாதிரி பிடி."

அக்கா இழுத்துப் பிடித்தாள். துணி வெட்டுகிற கத்தரி பிளாஸ்டிக்கைக் கரகரவென்று அறுத்துக்கொண்டு கீழே வரை இறங்கியது. பை இரண்டாகப் பிரிந்து விழுந்தது. உள்ளே கட்டை விரல் தடிமனான வேர்கள் ஒன்றையொன்று சுற்றி இறுக்கிக்கொண்டு, பை போன பிறகும் பை மாதிரியே நின்றன. அதைப் பார்த்ததும் மூணுவேளை அம்மா பொங்கிப் பொங்கி அழுதாள். ஒன்பது வருஷம் வேளை தவறாமல் தண்ணீர் ஊற்றியதெல்லாம் இதற்குத்தானா என்று அழுதாள்.

தங்கச்சி கத்தரியைத் திருப்பிப் பார்த்தாள். முனை மழுங்கித்தான் போயிருந்தது. முந்தானையில் துடைத்து இடுப்பில் செருகிக்கொண்டாள்.

"அழாத அக்கா. தெருவுல தண்ணி வடிஞ்சதும் பண்ணைக்குப் போகலாம். இந்தத் தடவை குட்டையா எடுப்போம். பையை நான் கிழிக்கறேன்."