எக்ஸிக்யூட்ரிக்ஸ் வினிஃப்ரெட்

இங்கிலாந்தின் ஹடர்ஸ்ஃபீல்டு ஊரில் வக்கீல் ஆர்மிட்டேஜிடம் தட்டச்சு செய்யும் எனக்கு ஒரு கிறுக்கு உண்டு. உயில் எழுதியவர் ஆணென்றால் டெஸ்டேட்டர், பெண்ணென்றால் டெஸ்டேட்ரிக்ஸ். அதை நிறைவேற்றும் பொறுப்பு ஒரு பெண்ணிடம் வந்தால் அவள் எக்ஸிக்யூட்ரிக்ஸ். சீமாட்டிகளுக்குச் சூட்டவேண்டிய இந்த லத்தீன் பட்டங்கள், கம்பளி ஆலைக்குப் போகிறவள் தலையில் வந்து உட்காரும்போது அவள் என்னதான் செய்வாள் என்று பார்க்க எனக்கு அடங்காத ஆசை. பெரும்பாலும் ஒன்றும் செய்யமாட்டார்கள். அண்ணனோ தம்பியோ காட்டிய இடத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டுப் போவார்கள்.

வினிஃப்ரெட் சக்டெனும் அந்த ரகம் என்றுதான் நினைத்தேன். அப்பா ஏமஸ் செத்து மூன்று வாரம். வீடு அவளுக்கும் அண்ணன் ஹேரல்டுக்கும் பொது. அதை எப்போது விற்பது என்று எக்ஸிக்யூட்ரிக்ஸான வினிஃப்ரெட்தான் முடிவு செய்யவேண்டும் என்பது உயில். அவள் பொறுப்பிலிருந்து விலகினால் அது ஹேரல்டு கைக்குப் போகும், மறுவாரமே விற்றுவிடுவான். அவளுக்கோ போக வேறு இடமில்லை. அவன் கேட்டபடி விலகல் படிவத்தைத் தட்டச்சு செய்து, படித்துப் பார்க்கச் சொல்லி அவளுக்குத் தபாலில் அனுப்பியதும் நான்தான். வயிறெரிந்துகொண்டே அனுப்பினேன்.

திங்கட்கிழமை இருவரும் வந்தார்கள். அவளுக்கும் சேர்த்து ஹேரல்டே பேசினான்.

"இவளுக்கு இதெல்லாம் என்ன தெரியும், பாவம். சீக்கிரம் போடு வின்னி, எனக்கு வேல கெடக்கு."

அவள் பேனாவை எடுத்தாள். படிவத்தில் இருந்த ஒரு வரியை வக்கீல் வழக்கம்போல ஒப்புக்குக் கேட்டார். "அப்பா சொத்துல எதையும் நீங்க வித்தது, குடுத்தது இல்லையே?"

"புறாக்கள வித்துட்டேனே," என்றாள் வினிஃப்ரெட். "அவரோட பந்தயப் புறா. பன்னெண்டும்."

ஆர்மிட்டேஜ் மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார். செத்தவர் உடைமையில் ஒன்றை விற்றாலும் பொறுப்பை ஏற்றுக்கொண்டதாகத்தான் அர்த்தம், அப்புறம் விலக வழியில்லை என்றார்.

வெறும் புறாவுக்கா இந்தப் பாடு என்று ஹேரல்டு குதித்தான். வக்கீல் படிவத்தை ஓரமாக வைத்தார். ஹேரல்டு தொப்பியை எடுத்துக்கொண்டு கிளம்பிப் போனான். எனக்கு ஒரே சந்தோஷம்.

படிக்கட்டு வரை அவளோடு போனேன். கேட்காவிட்டால் தலை வெடித்துவிடும்போல இருந்தது.

"எப்பங்க வித்தீங்க?"

"இன்னிக்குக் காலைல," என்றாள், கையுறையை மாட்டிக்கொண்டே. "நீங்க அனுப்புனத ரெண்டு தடவ படிச்சேன்."