பதினாறில் ஒன்று

"ஆறு சதவீத வேலைதான்க்கா நடக்குது! ஆறே ஆறு! பெட்டி குறட்டை விட்டுத் தூங்குது..."

"தூங்குறதுக்கா இம்மாம் பெரிய பெட்டியைத் தூக்கிட்டு வந்த? ஊரே கத்துதுடா..."

"ஊரு எப்போ கத்தாம இருந்துச்சு?"

"பழைய ரவுட்டருக்கே திரும்பிடு. இப்பவே."

அக்காவும் தம்பியும் சேர்ந்து நடத்தும் சின்ன இணைய நிறுவனம் அது. மாடியில் ஒரே அறை. ஊருக்குள் ஆயிரத்து நானூறு வீடுகள். பழைய ரவுட்டர் அடிக்கடி திணறியதால், உள்ளே பதினாறு மூளை போலப் பதினாறு கோர் உள்ள புதியதைத் தம்பி வரவழைத்திருந்தான். மூன்று நாள் மேஜைமேல் வைத்துச் சோதித்தான். இன்று காலை பத்து மணிக்கு எல்லா வீடுகளையும் அதற்கு மாற்றினான்.

இப்போது பத்து நாற்பத்தைந்து. பதினொன்றுக்கு அவன் மனைவிக்கு முனைவர் பட்ட வாய்மொழித் தேர்வு. வீட்டிலிருந்தபடியே, இதே இணைப்பில். போன தடவை பாதியில் அறுந்துபோனது. இன்னொரு தடவை அறுந்தால் தேர்வு ரத்து என்று தேர்வுக் குழு எழுத்திலேயே சொல்லிவிட்டது.

"இன்னிக்குத்தான் நாள் பார்த்தியாடா நீ?"

"அவளுக்கு நல்ல லைன் கிடைக்கணும்னுதான்க்கா இன்னிக்கே மாத்தினேன். உன் பழைய பெட்டிதானே போன தடவை காலை வாரிச்சு?"

மூலையில் தொலைபேசி எடுக்கும் பெண் ரிசீவரைக் கையால் பொத்திக்கொண்டு திரும்பினாள்.

"அக்கா, அந்த ரிட்டயர்டு வாத்தியாரு. வீடியோ கால்ல பேரன் வாயைத் தொறந்தபடியே திரையில உறைஞ்சு நிக்கிறானாம். பல் டாக்டர்கிட்ட காட்டுற மாதிரி இருக்காம்."

"நமக்கு இணையம் தர்ற பெரிய கம்பெனி லைன்ல கோளாறு" என்றான் தம்பி. "நம்ம பெட்டி இல்ல. ஆறு சதவீதத்துல ஓடுற பெட்டி எப்படித் திணறும்?"

அக்கா திரைக்கு அருகே நாற்காலியை இழுத்தாள்.

"பெட்டிக்குள்ள எத்தனை மூளைன்னு சொன்ன?"

"பதினாறு. எத்தனை தடவை சொல்றது?"

"இந்த ஆறு, யாரோட ஆறு?"

"பதினாறுக்கும் சேர்த்து சராசரி."

"பதினாறாறு?"

"தொண்ணூத்தாறு. இப்ப வாய்ப்பாடு ஒப்பிக்கிற நேரமா?"

கேட்டவனுக்கே சட்டென்று உறைத்தது. கோர்களைத் தனித்தனியாகக் காட்டும் பக்கத்தை அவன் விரல்தான் தேடித் திறந்தது. முதல் வரியில் நூறு. கீழே பதினைந்து வரிகளிலும் பூஜ்யம்.

"ஒருத்தன் தலையில ஊரையே ஏத்திட்டு, பதினஞ்சு பேர் வேடிக்கை பாக்குறான்" என்றாள் அக்கா. "மேஜைல எப்படிடா சோதிச்ச?"

"எட்டு கேபிள் குத்தினேன். எட்டு போர்ட்லயும்."

"நம்ம ஊரு எத்தனை கேபிள்ல வருது?"

"ஒண்ணு."

"ஒரு கேபிள்ல வர்றதெல்லாம் ஒரே மூளைக்குத்தான் போகுது. எட்டு கேபிள் குத்தினா எட்டு மூளை ஓடத்தான் செய்யும். நீ சோதிச்சது வேற ஊரு."

"பிரிச்சுக் குடுக்க செட்டிங் இருக்குக்கா. படிச்சுப் பார்த்து..."

"பொறுமையா சாயங்காலம் படி. பழைய பெட்டியை இன்னும் அணைக்கல, ஓடிட்டுத்தான் இருக்கு. திரும்ப எவ்வளவு நேரம்?"

"கேபிளை மாத்தினா எல்லா வீடும் அறுந்து மறுபடி உள்ள வரணும். நாலு நிமிஷம்."

சுவரில் பத்து ஐம்பத்து நாலு. புதுப்பெட்டியில் பச்சை விளக்கு இடைவிடாமல் துடித்தது.

"அவ பதினொண்ணுக்குத்தானே?"

"பதினொண்ணுக்குத்தான்."

"அப்போ உருவு."

தம்பி ஒரு கணம் தயங்கினான். பிறகு கேபிளை உருவி, பழைய பெட்டியில் 'கிளிக்' என்று செருகினான். திரையிலிருந்த வீடுகளின் எண்ணிக்கை பூஜ்யமானது. பிறகு ஏழு. பிறகு முப்பத்தொன்று.

அவன் கைப்பேசி அதிர்ந்தது. மனைவி. ஒலிபெருக்கியில் போட்டான். அவள் குரல் கிசுகிசுப்பாக வந்தது; ஆனால் அதில் சந்தோஷம் இருந்தது.

"ஏங்க, மைக்கை அமுக்கிட்டுப் பேசுறேன். தேர்வுக் குழு சீக்கிரமே வந்துட்டாங்க, ஆரம்பிச்சாச்சு. முதல் கேள்விக்கு முழுசா பதில் சொல்லிட்டேன். மூணு பேரும் அசையாம என்னையே பாக்குறாங்க... யோசிக்கிறாங்கதானே?"