அப்பாவின் ஆபீஸ்

"குற்றவியல் ஆராய்ச்சிக்கு எப்படிம்மா வந்தீங்க?" என்று கேட்டார் சிறை ஆராய்ச்சி மையத்தின் தலைவர். நேர்முகத் தேர்வு அறையில் அவரோடு இன்னும் இருவர். வெளியே பெஞ்சில் அப்பா. "என்னைப் பத்தி வாயே திறக்காத. இந்த வேலையும் என்னால போச்சுன்னு ஆயிடக் கூடாது" என்று வழியெல்லாம் என் உயிரை எடுத்திருந்தார்.

புள்ளியியல் பட்டத்திலிருந்து ஆரம்பித்தேன். பிறகு நீதிமன்றத்தில் வேலை. பிறகு, விடுதலையானவர்கள் ஏன் திரும்ப உள்ளே போகிறார்கள் என்ற என் முனைவர் ஆய்வு. வாய் பேசிக்கொண்டிருந்தது. மனம் சின்ன வயதுக்குப் போய்விட்டது.

பெரிய கேட். நீளமான கூடம், கண்ணாடித் தடுப்பு, பால் மாதிரி வெளிச்சம். அந்தப் பக்கம் வெள்ளை உடுப்பில் அப்பா. "அப்பாவோட ஆபீஸ்டி" என்பாள் அம்மா. பெரிய அதிகாரி, வீட்டுக்கு வரக்கூட நேரமில்லை என்று பள்ளிக்கூடம் முழுக்கப் பீற்றிக்கொண்டேன். கண்ணாடியில் நான் உள்ளங்கையை வைத்தால் அவரும் வைப்பார். சூடே தெரியாது. உதடு அசையும், சத்தம் வராது. விவரம் தெரிந்த வயதில் அம்மாவோடு மல்லுக்கு நின்றேன். ஆனாலும் கண்ணை மூடினால் இன்றும் அது ஆபீஸ்தான்.

"வீட்ல யாராவது இந்தத் துறையில இருந்தாங்களா?"

இல்லை என்று சொல்லிவிட்டால் பிரச்சினை முடிந்தது. சொன்னால் வேலை காலி. ஆனால் எனக்கு என்மேலேயே எரிச்சல் வந்தது. கைதிகளின் பிள்ளைகளைப் பற்றிப் பக்கம் பக்கமாக எழுதிக் கிழித்தவள், சொந்த அப்பாவை வெளியே ஒளித்துவைத்துவிட்டு வந்திருக்கிறேனே!

"அப்பா இருந்தார் சார். ரொம்ப வருஷம்."

"அட! என்ன போஸ்ட்?"

"கைதி சார்."

ஒருவர் சிரிக்கப் போய் நிறுத்திக்கொண்டார். "அப்ளிகேஷன்ல இது இல்லையே?" என்றார் தலைவர்.

"அதுக்குக் கட்டம் விடலையே சார்."

மூவரும் குசுகுசுவென்று பேசிக்கொண்டார்கள். கடைசியில் தலைவர் நிமிர்ந்தார். "உங்க ஆய்வுல இருக்கிற கேள்வியெல்லாம் எங்கேர்ந்து வந்துச்சுன்னு இப்பதான் புரியுது. அடுத்த மாசம் வந்து சேர்ந்துடுங்கம்மா."

வெளியே வந்ததும் அப்பா சட்டென்று எழுந்தார். "என்னாச்சு?"

"கிடைச்சிடுச்சுப்பா."

"என்னைப் பத்தி ஒண்ணும்..."

"எல்லாத்தையும் சொல்லிட்டேன்."

அவர் முகம் வெளுத்தது. மெல்ல பெஞ்சில் உட்கார்ந்தார். "சொல்லியுமா குடுத்தாங்க?"

தலையாட்டினேன். அவர் நம்பவில்லை. என் கையை இறுகப் பிடித்துக்கொண்டு, "சொல்லியுமா?" என்று மறுபடியும் கேட்டார்.