மூக்கு திரும்பிய பக்கம்

ஆடி மாதம், மேற்குக் காற்று விடாமல் அடித்தது. தலைச்சோலை எஸ்டேட்டில் அப்போது வேலை குறைவு. அடிவாரத்துக்கு அப்பால் இருந்த சின்ன விமானத் தளத்தில் புல் அறுக்க மேஸ்திரி கருப்பண்ணன் பெண்களை வேனில் கூட்டி வந்திருந்தார். ஓடுபாதையின் மேற்கு ஓரத்தில் வேலை.

“விமானம் வந்தா இருந்த எடத்துலயே உக்காந்துக்கோணும். ஆரும் ஓடப்படாது,” என்றார்.

“ஏனுங்க, மேல ஏத்திட்டா?” என்றாள் பூவாயி.

“ஏத்துனா உன்ற ஊட்டுக்காரனுக்கு நான் பதில் சொல்லிக்கறன். நீ அறு.”

வெயில் ஏறியபோது இரைச்சல் கேட்டது. வடக்கிலிருந்து ஒரு குட்டி விமானம் இறங்கி வந்தது. பாதையை ஒட்டித்தான் வந்தது. ஆனால் மூக்கு மட்டும் காற்று வரும் திசைக்கு, இந்தப் பெண்கள் இருந்த பக்கத்துக்குத் திரும்பியிருந்தது.

பூவாயி மலைரோட்டில் வளர்ந்தவள். லாரியின் மூக்கு எந்தப் பக்கம் திரும்பினாலும் மறுபக்கம் பாய்ந்துவிட வேண்டும். கொண்டை ஊசி வளைவுகளில் அப்படித்தான் பிழைத்திருக்கிறாள். எழுந்து பாய்ந்தாள். மறுபக்கம் என்பது ஓடுபாதை.

“ஏ புள்ள, உக்காரு.”

பக்கத்தில் அறுத்துக்கொண்டிருந்த வேலம்மாள் அரிவாளைப் போட்டுவிட்டுத் துரத்தினாள். பூவாயியின் ஒரு கால் தாரில் பட்டபோது கொண்டையைப் பிடித்து இழுத்தாள். இருவரும் புல்லில் மல்லாந்து விழுந்தார்கள்.

தரையைத் தொடப்போகும் நேரத்தில் விமானத்தின் மூக்கு நேரானது. இவர்கள் பக்கத்து இறக்கை தாழ்ந்தது. சரிந்துவிட்டது என்றுதான் வேலம்மாள் நினைத்தாள். சரியவில்லை. காப்பி மூட்டையைச் சுமந்து சரிவில் நடப்பவள் மேட்டுப்பக்கம் சாய்வதுபோலக் காற்றின் மேல் சாய்ந்து, தாழ்ந்த பக்கத்து ஒற்றைச் சக்கரத்தில் ஓடியது. அப்புறம் மறு சக்கரம் தொட்டது. கடைசியாக மூக்கு இறங்கியது.

இருவரும் எழுந்து உட்கார்ந்தார்கள்.

விமானம் நின்றது. கதவைத் திறந்து, அதை ஓட்டி வந்த ஒரு சின்னப் பெண் இறங்கினாள். வாயில் வைத்த தண்ணீர் பாட்டில் ஆடியது.

“அக்கா, அந்தப் புள்ளைக்கும் கை நடுங்குது பாருங்க,” என்றாள் பூவாயி வேலம்மாளிடம்.

மேஸ்திரி மூச்சிரைக்க வந்தார். “சாவறதுக்கு வேற எடம் கெடைக்கலயா உனக்கு? அந்தப் புள்ள இந்தக் காத்துல மறுக்கா எறங்கிப் பழகுதாம். எல்லாரும் வேன்ல போயி ஏறுங்க.”

“நான் வேலியோரம் உக்காந்துக்கறனுங்க. நகர மாட்டன்,” என்றாள் பூவாயி.

“நொம்பத்தான் தைரியம்,” என்று முனகிவிட்டுப் போனார்.

மறுபடியும் விமானம் வந்தது. மூக்கு நேராகப் பூவாயியைப் பார்த்தே வந்தது. அவள், கூடவே இருந்துவிட்ட வேலம்மாளின் கையை வலிக்கும்படி பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். கண்ணை மூடவில்லை.