வீட்டு ஆளுக்குத் தண்ணீர் இல்லை

விருந்தாளிகள் மலையிலிருந்து இறங்கி வந்ததும் அவள் முதலில் செய்கிற வேலை, பாட்டில்களைத் திரும்ப வாங்குவது. மலைமேல் உள்ள கோட்டைக்கு பிளாஸ்டிக் கொண்டுபோகக் கூடாது என்று ஊர்க் குழு முடிவெடுத்த பிறகு, அறை வாடகைக்கு விடும் ஒவ்வொரு வீடும் ஸ்டீல் பாட்டில் கொடுத்தாக வேண்டும். வெயிலில் ஏறி இறங்கியவர்கள் பாட்டிலைக் காலியாகத்தான் கொண்டுவர வேண்டும். அவள் வீட்டுப் பாட்டில்கள் மட்டும் நிரம்பி வந்தன. தொட்டால் விரல் சில்லிட்டது.

"மேலே சுனைகிட்ட ஒரு அக்கா ஊத்திக் கொடுத்தாங்க. என்ன ருசி!" என்றாள் விருந்தாளிப் பெண்.

அந்தச் சுனையில், அவள் கல்யாணமாகி வந்ததிலிருந்தே தண்ணீர் வற்றி, சருகுதான் கிடக்கிறது.

பக்கத்து வீட்டில் விருந்தாளிகளுக்குச் சமைத்துக்கொண்டிருந்த நாத்தனாரிடம் போய்ச் சொன்னாள். நாத்தனாரின் கரண்டி நின்றது.

"முதல் அண்ணிதான். உயிரோட இருந்தப்பவே அப்படித்தான். வந்தவங்களுக்கெல்லாம் மொண்டு மொண்டு ஊத்துவாங்க. எங்கண்ணன் கையை நீட்டினா மட்டும், 'வீட்டு ஆளு கீழே போய்க் குடிச்சுக்கலாம்'னு விரட்டுவாங்க. கடைசியில அந்தச் சுனையிலேயே கால் வழுக்கி..." நாத்தனார் சட்டென்று சிரித்து மழுப்பினாள். "பயந்துடாதீங்க அண்ணி. இதை போஸ்டர் அடிச்சு ஒட்டினா ஊருக்கு இன்னும் நாலு வண்டி சேர்ந்து வரும்!"

அவளுக்குப் பேய் பயமில்லை. இருந்தது வேறு பயம். வழிகாட்டியான அவள் கணவன், விருந்தாளி இல்லாத நாளிலும் மலையேறுவான். கேட்டால் குப்பை பொறுக்க என்பான். இறங்கி வரும்போது முகத்தில் உயிரிருக்காது. அப்படியானால் இந்த வீட்டில் தான் யார்? பெண்டாட்டியா, அறையெடுத்துத் தங்கியிருக்கிற இன்னொருத்தியா? பெட்டியைப் பாதி அடுக்கி வைத்துவிட்டு, மறுநாள் காலை மறுபடி மலையேறிய விருந்தாளிகளோடும் கணவனோடும் அவளும் கிளம்பினாள்.

"நீ எதுக்கு? முட்டி வலிக்கும்."

"விருந்தாளிக்கு வலிக்காத முட்டி எனக்கு மட்டும் வலிச்சிடுமா? நடங்க."

நேற்றைய அக்கா வந்து ஊற்றட்டும் என்று விருந்தாளிகள் காலிப் பாட்டில்களைத் திறந்து சுனையோரம் வரிசையாக வைத்துவிட்டு, உச்சியிலிருந்த காவல் மேடையைப் பார்க்கப் போனார்கள். வரிசையின் கடைசியில் அவள் தன் பாட்டிலையும் வைத்தாள். இடிந்த மதிலோரம் இருவரும் உட்கார்ந்தார்கள்.

"என்னங்க, அக்காவைப் பார்க்கத்தானே ஏறி ஏறி வர்றீங்க?"

"ஆமா. ஆனா யார் யார் கண்ணுக்கோ தெரியுறா, எனக்குத் தெரியமாட்டேங்கிறா. நான் வீட்டு ஆளாச்சே." சிரிக்கப் பார்த்தான். முடியவில்லை.

அப்போதுதான் அந்தச் சத்தம் கேட்டது. குறுகிய வாய்க்குள் தண்ணீர் இறங்கும் களகள ஓசை. சுனையில் ஒரு சருகுகூட அசையவில்லை. நனைந்த பாறையின் வாசனை மட்டும் எழுந்தது. முதல் பாட்டில், அடுத்தது, அதற்கடுத்தது. அவன் அவள் கையைப் பிடித்துக்கொண்டான். ஓசை கடைசிப் பாட்டிலருகே வந்து நின்றது.

ஊற்றிவிட்டால் தானும் விருந்தாளிதான்; கீழே போய்ப் பெட்டியை மூட வேண்டியதுதான். அவள் மூச்சு விடவில்லை.

ஓசை அடங்கிப்போனது. எழுந்து போய்ப் பார்த்தாள். மற்ற பாட்டில்கள் எல்லாம் விளிம்புவரை நிரம்பி, வெயிலிலும் வியர்த்து நின்றன. அவளுடையது மட்டும், வீட்டில் கழுவிய பாத்திரத்தைக் கவிழ்ப்பதுபோல, மூடி தனியாக, தலைகீழாகக் கவிழ்த்து வைக்கப்பட்டிருந்தது. உள்ளே ஒரு சொட்டு ஈரமில்லை.

சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தன. நாக்கு வறண்டு ஒட்டிக்கொண்டது.

"தாகமா இருக்குங்க."

"கீழே போய்க் குடிச்சுக்கலாம், வா" என்றான் அவன். சொன்ன பிறகுதான், அது யாருடைய வார்த்தை என்பது அவனுக்கு உறைத்தது.

விருந்தாளிகள் முன்னால் இறங்க, இருவரும் பின்னால் இறங்கினார்கள். அவர்களுக்கும் பின்னால் படிகளில் ஈரக் கால்கள் பதியும் சத்தம் கோட்டை வாசல்வரை வந்து நின்றது. இருவருமே திரும்பிப் பார்க்கவில்லை.

அவள் மட்டும், தலையைத் திருப்பாமலே, மெல்லச் சொன்னாள்:

"போயிட்டு வர்றேன்க்கா."